44 எழுத்தில் ஒரு முகவரி

பெங்களூரு அல்சூரிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். மெயின்ஃப்ரேம் என்ற பெருங்கணினியில் இரவுப் பணி பார்ப்பவர். விடியற்காலையில் ஜாவா வேலை ஒன்று நின்றுபோனது; டம்ப் எடுக்க முயன்றதாகச் செய்தி இருக்கிறது, டம்பைக் காணவில்லை. "நான் சொல்லும் இடத்தில் அதை எழுத வைக்க முடியுமா?" என்று கேட்கிறார்.

முடியும். நிரல் விழுந்த நொடியில் அதன் நினைவகம் இருந்த நிலையின் நகல்தான் டம்ப். லினக்ஸில் அது ஒரு கோப்பு. ஃபோல்டரைச் சொன்னால் போதும். ஐபிஎம்மின் மெயின்ஃப்ரேம் இயங்குதளமான இசட்ஓஎஸ்ஸில் ஜாவா, ஐஇஏடிடம்ப் என்ற சேவையை அழைக்கிறது; அது டேட்டாசெட்டாக, அதாவது மெயின்ஃப்ரேமின் கோப்பாக, எழுதுகிறது. டேட்டாசெட்டுக்கு ஃபோல்டர் கிடையாது. பெயர்தான் முகவரி.

ஊர், தகப்பன், பிள்ளை என்று வரும் நம் பழைய பெயர்களைப் போன்றது அது. முதல் பகுதி ஊர். எந்த கேட்டலாகில் (பெயர்ப் பதிவேட்டில்) பதிவது, எழுதுபவருக்கு உரிமை உண்டா என்பதை அதைக் கொண்டே முடிவு செய்கிறார்கள். எந்த வட்டுத் தொகுப்பில் இடம் தருவது என்பதும் பெரும்பாலும் அப்படித்தான்.

எனக்கு மிகவும் பிடித்தது இதிலுள்ள சிக்கனம். ஒரு பகுதிக்கு 8 எழுத்து, புள்ளிகளையும் சேர்த்து மொத்தம் 44. அதற்கு மேல் ஓரெழுத்தும் கூடாது. நாம் எதுவும் சொல்லாதபோது 31 பிட் ஜாவா தானாக வைக்கும் இயல்பான பெயரை எண்ணுங்கள்: பயனர் அடையாளம் 8, ஜேவிஎம் (JVM) 3, டிடம்ப் (TDUMP) 5, வேலையின் பெயர் 8, தேதி 7, நேரம் 7, இடையே 5 புள்ளிகள். ஆக 43. 64 பிட்டில் டம்ப் 2 ஜிபியைத் தாண்டினால் துண்டு துண்டாக எழுத வேண்டும். எக்ஸ்001, எக்ஸ்002 என்ற வாலுக்குப் புள்ளியோடு 5 எழுத்து வேண்டும், 48 ஆகிவிடும். அங்கே 'டிடம்ப்' என்ற பகுதி இல்லை. அதன் 5 எழுத்தும் ஒரு புள்ளியும் கழிந்து 42. கச்சிதம்!

பெயரை மாற்ற, ஜாவாவைத் தொடங்கும்போது தரும் 'எக்ஸ்டம்ப்' விருப்பத்தில் 'லேபிள்' கொடுக்கலாம்; 'ஜாவா_டம்ப்_டிடம்ப்_பேட்டர்ன்' என்ற சூழல் மாறியிலும் சொல்லலாம். இங்கேதான் நான் ஒருமுறை தவறினேன். 64 பிட்டின் இயல்பான பெயரின் நடுவே 4 எழுத்துப் பகுதி ஒன்றைப் புள்ளியோடு சேர்த்தேன். சோதனை வேலையின் பெயர் 4 எழுத்து. மொத்தம் 43, டம்ப் ஒழுங்காக வந்தது. உண்மையான வேலையின் பெயரோ 8 எழுத்து. 47! நான் குறித்த இடத்தில் இரண்டு மணி நேரம் தேடினேன். ஜாவா என் பெயரைக் கைவிட்டு இயல்பான பெயருக்குத் திரும்பியிருந்தது.

காரணம் பார்க்காமல் "மறுபடி ஓட்டினால் சரியாகிவிடும்" என்று டம்பை அழித்துவிடும் பழக்கம் நம் அலுவலகங்களில் பரவலாக இருக்கிறது. அது மூடநம்பிக்கை என்பது என் உறுதியான கருத்து.

அல்சூர் நண்பர் முதலில் அந்த வேலை ஓடும் பயனர் அடையாளத்தின் கீழ் தேடட்டும். அங்கேயும் இல்லையென்றால், அந்த அடையாளத்தின் பெயரில் டேட்டாசெட் உருவாக்க உரிமை இருக்கிறதா என்று பாதுகாப்புக் குழுவிடம் கேட்கட்டும். 'எக்ஸ்டம்ப் வாட்' கொடுத்தால் இப்போது எந்தப் பெயர் நடப்பில் இருக்கிறது என்பதை ஜாவாவே அச்சிட்டுக் காட்டும். எண்ணும்போது வேலையின் பெயருக்கு முழுதாக 8 எழுத்தையும் வைத்து எண்ண வேண்டும்.