நார் கலந்த நீர்மம் எப்படிப் பாய்கிறது?

நுண்ணிய கோளத் துகள்களைக் கலந்தால் ஒரு நீர்மத்தின் பாகுநிலை, அதாவது பாய்வதை எதிர்க்கும் தன்மை, எவ்வளவு கூடும் என்பதற்கு ஐன்ஸ்டைன் 1906-இல் ஒரு கணக்கைத் தந்தார். அதிலிருந்த பிழை 1911-இல் திருத்தப்பட்ட பிறகு கிடைத்த விடையின்படி, கன அளவில் 1 சதவீதம் துகள் சேர்ந்தால் பாகுநிலை 2.5 சதவீதம் உயரும். எப்படிப் புரண்டாலும் கோளம் கோளமாகவே இருப்பதால் விடை ஒரே எண்ணில் அடங்கியது. அதே பொருளைக் குட்டை நார்களாக நறுக்கிக் கலந்தாலோ, நார்கள் எந்தத் திசையில் கிடக்கின்றன என்று தெரியாமல் பாகுநிலையைச் சொல்ல முடியாது.

இரண்டு தட்டுகளுக்கு இடையே கெட்டியான நீர்மம் இருப்பதாகவும், மேல்தட்டு மட்டும் நகர்வதாகவும் கொள்வோம். அதனுள் ஒரு நார் குறுக்கே நிமிர்ந்து நின்றால், மேல்முனையை வேகமான அடுக்கும் கீழ்முனையை மெதுவான அடுக்கும் இழுக்க, அது சட்டெனக் கவிழ்ந்துவிடும். ஓட்டத்தோடு படுத்த நாருக்கு இரு முனைகளும் ஏறத்தாழ ஒரே அடுக்கில் இருப்பதால் புரட்டும் விசை மிகவும் குறைவு. ஆகவே அது மீண்டும் எழ நெடுநேரமாகும். 1922-இல் ஆங்கிலேயக் கணிதவியலாளர் ஜெஃப்ரி இதற்குச் சமன்பாடு தந்தார். விட்டத்தைப் போல் 20 மடங்கு நீளமுள்ள துகள், ஒரு மில்லிமீட்டர் உயர இடைவெளிக்கு வேகம் நொடிக்கு ஒரு மில்லிமீட்டர் மாறும் ஓட்டத்தில், அரைச்சுற்றுச் சுற்ற ஏறத்தாழ 63 நொடி எடுக்கும். அதில் நிமிர்ந்த நிலையைக் கடக்கும் கால்வட்டத்துக்குச் செலவாவது 2 நொடிதான். மொத்த நேரத்தில் பாதியை அது ஓட்டத்திசையிலிருந்து 3 பாகைக்குள்ளேயே கழிக்கிறது.

இதனால்தான் தாறுமாறாகக் கிடக்கும் நார்களோடு ஓடத் தொடங்கும் நீர்மம் முதலில் முரண்டுபிடித்து, நார்கள் படியப் படிய இளகுகிறது. அப்படி இளகிய நீர்மத்தையே நார்களின் நீளவாக்கில் நீட்ட முயன்றால் கடுமையாக எதிர்க்கும். ஏனெனில் நீர்மம் நீள்கிறது, நார் நீள்வதில்லை.

நார்கள் ஒன்றோடொன்று இடறவும் அதிகச் செறிவு தேவையில்லை. நீளம் விட்டத்தைப் போல் 100 மடங்கானால், கன அளவில் ஏறத்தாழ 0.01 சதவீதத்திலேயே ஒன்றின் சுழற்சிக்கு மற்றொன்று குறுக்கே வரத் தொடங்கும். காகிதக் கூழ் இதற்கு நல்ல சான்று: ஒரு சதவீதத்தை ஒட்டிய செறிவிலேயே மர நார்கள் பின்னிக்கொண்டு திரள்களாகிவிடுகின்றன. குழாயில் மெதுவாகச் செல்லும் கூழ் ஒரே கட்டையாக நகர, சுவரை ஒட்டி மெல்லிய நீர்ப்படலம் உருவாகிறது. இன்னும் வியப்பானது, குறிப்பிட்ட வேகங்களில் கூழின் உராய்வு வெறும் தண்ணீரின் உராய்வைவிடக் குறைவாக இருப்பது. இதை முதன்முறை பார்ப்பவர் அழுத்தமானியைத்தான் சந்தேகிப்பார்.

கண்ணாடி நார் கலந்த பிளாஸ்டிக்கில் இந்த ஓட்டம் அப்படியே உறைந்து நிற்கிறது. உருகிய பிளாஸ்டிக் அச்சுக்குள் பாயும்போது சுவரருகே உள்ள நார்கள் ஓட்டத்தோடு படிகின்றன; நுழைவாயிலிலிருந்து ஓட்டம் விசிறிபோல் விரியும் தகடுகளில், நடுப்பகுதி நார்கள் பெரும்பாலும் குறுக்கே திரும்பிவிடுகின்றன. இரு திசைகளிலிருந்து வரும் ஓட்டங்கள் சந்திக்கும் கோட்டில் நார்கள் இணைப்பைத் தாண்டிச் செல்லாமல் அதன் போக்கிலேயே படுத்துவிடுவதால், அந்தப் பொருள் பெரும்பாலும் அங்கேதான் உடைகிறது. எனவே அச்சு வடிவமைப்பாளர்கள் நார் அளவைக் கூட்டுவதற்குப் பதிலாக நுழைவாயிலின் இடத்தை மாற்றி, அந்தக் கோட்டைச் சுமை குறைந்த பகுதிக்கு நகர்த்துகிறார்கள்.