வாஞ்சையைத் 'தேடல்' ஆக்காதீர்கள்

பிரசங்க நூல்களின் புதிய மொழிபெயர்ப்புகளில் எங்கு பார்த்தாலும் 'ஆன்மீகத் தேடல்'. விசுவாசி தேவனுக்காக ஏங்குகிற இடத்திலும் அதையேதான் போடுகிறார்கள். பிழை.

பழைய தமிழ் வேதாகம மொழிபெயர்ப்பின் சொல் வாஞ்சை. வடமொழி 'வாஞ்சா'விலிருந்து வந்தது. விருப்பம் என்று பொருள்.

சங்கீதம் 42:1-ல் "மானானது நீரோடைகளை வாஞ்சித்துக் கதறுவதுபோல" என்று படிக்கிறோம். எபிரெயத்தில் அங்கே 'அராக்' என்ற ஒரே வினைதான். யோவேல் 1:20-ல் ஆறு வற்றி மிருகங்கள் கதறுவதற்கும் அதே வினை. விருப்பமும் ஓலமும் கலந்த அதற்குத் தமிழில் இரண்டு சொல் வைத்தார்கள், சரியாகவே வைத்தார்கள்.

தேடல் என்பது இன்னும் கிடைக்காததைத் தேடுவது. வாஞ்சையோ கிடைத்தவரை இன்னும் வேண்டுவது. பேதுருவின் முதல் நிருபம் 2-ஆம் அதிகாரத் தொடக்கத்தைப் பாருங்கள்: கர்த்தர் தயையுள்ளவர் என்று ருசிபார்த்தவர்களுக்குத்தான் "ஞானப்பாலின்மேல் வாஞ்சையாயிருங்கள்" என்ற புத்தி சொல்லப்படுகிறது. ருசி முந்தி, வாஞ்சை பிந்தி. அதனால்தான் அது விசுவாசத்தின் அடையாளம். அதைத் தேடல் என்றால், தாகத்தோடு ஜெபிக்கிறவரை இன்னும் தேவனைக் கண்டடையாதவர் ஆக்கிவிடுகிறோம். சங்கீதம் 63:1-லும் "தேடுகிறேன்", "தாகமாயிருக்கிறது", "வாஞ்சிக்கிறது" என மூன்றும் தனித்தனியே நிற்கின்றன. மூன்றையும் ஒரே பெட்டியில் அடைக்க யார் சொன்னது? கணினித் திரையில் பூதக்கண்ணாடிப் படத்துக்குப் பக்கத்தில் இருப்பதும் தேடல்தான்.

வாஞ்சைக்கும் ஒரு சிக்கல் உண்டு. சபைக்கு வெளியே அது பாசமாகிவிட்டது. பேரனின் தலையைப் பாட்டி வாஞ்சையோடு தடவுகிறாள். பொது வாசகருக்கு எழுதும்போது கதறல் காதில் விழாது. ஏக்கம் பரவாயில்லை, ஆனால் தனியே நின்றால் சோர்ந்து உட்கார்ந்துவிடும். அதனால்தான் 'பொது மொழிபெயர்ப்பு' என்ற வேதாகமப் பதிப்பு அதே சங்கீதம் 42:1-ல் "ஏங்கித் தவிக்கின்றது" என்று துணை சேர்த்தது. என் தேர்வு தவிப்பு. தவித்த வாய்க்குத் தண்ணீர் என்கிறோமே, அந்தத் தண்ணீர் தாகம் இந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

வேற்றுமை உருபை மட்டும் மாற்றிப் போட்டுவிடாதீர்கள்: 'உம்மேல் வாஞ்சை', 'உமக்காகத் தவிப்பு'. 'உம்மேல் தவிப்பு' ஒட்டாது. சங்கீதம் 84:2-ன் "வாஞ்சையும் தவனமும்" அழகுதான்; ஆனால் தாகம் என்ற பொருளில் வரும் தவனம் என்றால் இன்று பூக்கடைக்குத்தான் வழி காட்டுவார்கள்.