அடிச்சாரைச் சொல்லி அழு

பாம்பன் பக்கம் ஒரு வீட்டை எண்ணிக்கொள்ளுங்கள். மீன்பிடித் தடைக்காலம். 61 நாள் விசைப்படகு கரையில் கிடக்கிறது, வட்டி ஏறுகிறது, அப்பா குடித்துவிட்டு வருகிறார். கதவின் கொண்டி விழும் சத்தம், டீசலும் சாராயமும் கலந்த வாடை, அம்மாவின் வளையல் உடைவது. பல வருடம் கழித்து, வேறு ஊரில் எவரோ கதவைத் தட்டினாலும் அந்தப் பிள்ளைக்கு உள்ளங்கை வேர்த்துவிடுகிறது. எல்லாம் முடிந்துபோனதென்று புத்திக்குத் தெரியும். உடம்புக்குத் தெரிவதில்லை. இப்படி உடம்பில் தங்கிய வேதனையைக் கவிதையாக எழுதினால் என்ன ஆகும் என்பதே இங்கே பேச்சு.

ஆபத்தை மோப்பம் பிடித்து, பயத்தை ஆழப் பதியவைப்பதில் மூளையின் அமிக்டலா என்ற பகுதிக்குப் பெரும் பங்கு உண்டு. எங்கே, எப்போது நடந்தது என்று கோத்து வைப்பது ஹிப்போகாம்பஸ் என்ற இன்னொரு பகுதி. கடும் அச்சத்தில் இந்தக் கோர்வை தடுமாறுகிறது என்பது பல ஆய்வாளர்களின் விளக்கம். அதனால் சத்தமும் வாடையும் தேதியில்லாத துண்டுகளாகத் தங்கிவிடுகின்றன.

கவிதைக்கு அந்தத் துண்டே போதும். என்ன நடந்தது என்று முதலிலிருந்து சொல்லச் சொன்னால் வாயடைத்துப்போகிறவர், கொண்டிச் சத்தத்தைப் பற்றி இரண்டு வரி எழுதிவிடுவார். தாங்க முடிந்த மட்டும் எழுதி, அந்த இடத்திலேயே வரியை முறிக்கலாம். ‘நான்’ என்பதை ‘அந்தச் சிறுமி’ என்று மாற்றி, கொஞ்சம் தள்ளி நின்றும் பார்க்கலாம்.

உணர்ச்சிக்குப் பெயர் சொன்னாலே அமிக்டலாவின் கொதிப்பு தணிகிறது என்று உளவியலாளர் மாத்யூ லீபர்மனின் குழு 2007-இல் மூளை ஸ்கேனில் கண்டது. நம் தாலாட்டு ‘அடிச்சாரைச் சொல்லி அழு’ என்று தொட்டிலிலேயே கேட்கிறது. ஒப்பாரி இன்னும் துணிச்சலானது. புருஷன் வீட்டுக் கொடுமையையும் அண்ணன்மார் கைவிட்டதையும் ஊர் கூடியிருக்க ஒருத்தி ராகம் போட்டுச் சொல்கிறாள். மற்ற நாளில் அதே சொல்லுக்கு அடி விழும். துட்டி வீட்டில் பக்கத்துப் பெண்கள் தோளைக் கட்டிக்கொண்டு கூடவே அழுகிறார்கள். தனியாக எழுதும் நோட்டுக்கு இந்தத் துணை இல்லை.

எழுதினால் என்ன ஆகும் என்பதை உளவியலாளர் ஜேம்ஸ் பென்னபேக்கர் 1986-இல் சோதித்தார். மாணவர்கள் தொடர்ந்து 4 நாள், தினம் 15 நிமிடம் தங்கள் வேதனையை எழுதினார்கள். எழுதிய கையோடு மனசு இன்னும் கனத்தது. அடுத்த மாதங்களில் அவர்கள் மருத்துவரிடம் போவது குறைந்தது. பிற்கால ஆய்வுகளில் பலன் சிறிதாகவே தெரிந்தது. ‘அதனால்தான்’, ‘இப்போது புரிகிறது’ போன்ற சொற்கள் நாளுக்கு நாள் கூடியவர்களுக்கே அதிக நன்மை. புலம்பலைத் திரும்பத் திரும்ப எழுதுவதைவிட, திருத்தி எழுதுவதுதான் முக்கியம் என்று இதிலிருந்து எனக்குப் படுகிறது.

எழுத எழுதத் தூக்கம் கெட்டால் நிறுத்திவிட்டு, அரசின் மனநல உதவி எண்ணான டெலிமானஸ் 14416-இல் பேசுங்கள். ஒரு பிள்ளை இன்றைக்கே அடிபடுகிறதென்றால் குழந்தைகள் உதவி எண் 1098-ஐ உடனே கூப்பிடுங்கள்.