கிருமியைக் கட்டிப்போடும் ஃபார்மலின்

அறுவைச் சிகிச்சையில் எடுத்த கட்டியைப் பரிசோதனைக்கு அனுப்பும்போது, அகன்ற வாய்ப் புட்டியில் நிறமற்ற ஒரு திரவத்தில் போட்டு அனுப்புவார்கள். மூடியைத் திறந்தால் கண்ணும் மூக்கும் எரியும். அதுதான் ஃபார்மலின்; ஃபார்மால்டிஹைடு என்ற வாயு கரைந்த நீர்.

1893-இல் பிராங்க்ஃபர்ட் மருத்துவர் ஃபெர்டினாண்ட் ப்ளூம், ஃபார்மால்டிஹைடைக் கிருமிநாசினியாகத்தான் சோதித்துக்கொண்டிருந்தார். கரைசல் பட்டுத் தம் விரல் தோல் விறைத்திருப்பதைக் கண்டார். ஆல்கஹாலில் ஊறிய திசுவும் அப்படித்தான் விறைக்கும். திசுவைப் பதப்படுத்தவும் இது உதவும் என்பது அவருக்கு அங்கே பிடிபட்டது. கிருமியைக் கொல்வது, திசுவைக் காப்பது என்று இதற்கு இரண்டு குணங்கள் இருப்பதாகத் தோன்றும். உண்மையில் நடப்பது ஒரே வினை.

ஒரு கார்பன், ஓர் ஆக்சிஜன், இரண்டு ஹைட்ரஜன்: ஃபார்மால்டிஹைடு அவ்வளவு சிறியது. அதனால் கிருமிக்குள் எளிதில் நுழைந்துவிடும். உள்ளே, புரதத்தின் லைசின் போன்ற அமினோ அமிலங்களில் நீட்டிக்கொண்டிருக்கும் நைட்ரஜனைப் பற்றும். பிறகு அதே கார்பன் அருகிலுள்ள இன்னொரு முனையையும் பற்றிக்கொண்டு, இரண்டுக்கும் நடுவே பாலமாகிவிடும். நொதி வேலை செய்ய வேண்டுமானால் நெளிந்து அசைய வேண்டும். பாலங்கள் விழுந்தபின் அதற்கு அசைவேது? டி.என்.ஏ.விலும் இதே பிணைப்புகள் விழுவதால் கிருமி பெருகவும் வழியில்லை. இருந்த உருவத்திலேயே அது உறைந்து நிற்கிறது. திசுவை அழுகச் செய்யும் அதன் சொந்த நொதிகளும் இப்படியே முடங்குகின்றன. நுண்ணோக்கியில் செல்கள் உயிரோடு இருந்தபோதைய வடிவம் கலையாமல் தெரிவது இதனால்தான்.

ஆல்கஹாலின் வழி வேறு. அது நீரைப் பிரித்து, வேகவைத்த முட்டையைப் போலப் புரதத்தைத் திரளச் செய்கிறது. உறங்கும் பாக்டீரிய வித்துகளை அதனால் கொல்ல முடியாது. ஃபார்மலினால் முடியும், நேரம் கொடுத்தால்.

அந்த நேரத்தில்தான் ஆபத்து இருக்கிறது. ஆய்வகத்தில் '10 சதவீத ஃபார்மலின்' என்பது அடர் ஃபார்மலினைப் பத்து மடங்கு நீர்த்தது; அதில் உள்ள ஃபார்மால்டிஹைடு ஏறத்தாழ 4 சதவீதமே. திசுவுக்குள் அது தொடக்கத்தில் மணிக்கு ஒரு மில்லிமீட்டர் அளவில் ஊடுருவும். ஆழம் கூடக்கூட வேகம் குறையும். காசநோய் தாக்கிய நுரையீரலை முழுதாகப் போட்டால், நடுவில் காசநோய்க் கிருமிகள் உயிரோடு இருக்கலாம். ஆகவே மெல்லிய துண்டுகளாக நறுக்கி, திசுவைப்போல் பத்து மடங்காவது திரவம் ஊற்றி, ஒரு நாள் முழுதும் ஊறவிடுவது கட்டாயம். அவசரத்தில் இதைச் சுருக்குவது, திசுவை வெட்டும் ஊழியரின் உயிரோடு விளையாடுவது.

மூளை நோயை உண்டாக்கும் பிரியான் என்ற புரதம் மட்டும் இதற்கு அடங்காது. மடிப்பு பிறழ்ந்த அந்தப் புரதத்தை ஃபார்மலின் மேலும் இறுக்கி, வெப்பத்தையும் தாங்கும்படி செய்துவிடுகிறது. பிரியான் நோய் இருக்கலாம் என்ற ஐயம் உள்ள மூளைத் திசுவை, ஃபார்மலினில் பதப்படுத்திய பின் அடர் ஃபார்மிக் அமிலத்தில் ஒரு மணி நேரம் வைத்துத்தான் அடுத்த வேலைக்கு எடுக்கிறார்கள்.