கொக்கும் நாத்தும்: குழந்தை பேசவும் படிக்கவும் பழகுவது எப்படி?

நாற்றங்கால் வரப்பில் அப்பாயியின் இடுப்பில் உட்கார்ந்திருக்கிறாள் ஒன்றரை வயதுப் பேத்தி. வயலில் வெள்ளையாக ஏதோ அசைகிறது. கையை நீட்டி "தொக்கு!" என்கிறாள்.

"ஆமாடி தங்கம், கொக்கு. மீன் புடிக்க வந்துருக்கு. அந்தா பறக்குது பாரு!"

பேச்சு வளர்வது இப்படித்தான். குழந்தை ஒன்றைக் காட்டுகிறது. பெரியவரும் அதையே பார்த்து, அதைப் பற்றியே பதில் சொல்கிறார். சொல்லும் பொருளும் ஒட்டிக்கொள்கின்றன. அப்பாயி 'தப்பு' என்று திருத்தவில்லை, சரியான சொல்லைப் பதிலுக்குள் வைத்துக் கொடுத்தார். ககரம் வாயில் படியாமல் தகரமாக வருவது இந்த வயதில் இயல்பு.

அந்த ஒரு "தொக்கு"க்குப் பின்னால் நிறைய உழைப்பு இருக்கிறது. பிறந்த குழந்தைக்கே அம்மாவின் குரல் தெரியும், வயிற்றிலேயே கேட்டுப் பழகியது. 1984இல் கனடாவில் ஜேனட் வெர்க்கர், ரிச்சர்ட் டீஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தைகளுக்கு இந்தியின் டகர, தகர ஒலிகளைக் கேட்க வைத்தார்கள். 6–8 மாதக் குழந்தைகள் வேறுபாட்டைக் கண்டுகொண்டன. ஒரு வயதை நெருங்கியவற்றில் பெரும்பாலானவற்றுக்கு அது பிடிபடவில்லை. நம் வீட்டில் பட்டு, பத்து என்று நாள் முழுக்கக் காதில் விழுவதால் நம் பிள்ளைகள் அதை விடுவதில்லை.

அப்புறம், பேச்சில் சொற்களுக்கு நடுவே இடைவெளி கிடையாது. "பாப்பாஎங்க", "பாப்பாவந்துச்சு" என்று ஒரே ஓட்டமாக வருகிறது. எந்த அசைகள் எப்போதும் சேர்ந்தே வருகின்றன என்று குழந்தை கவனித்து, 'பாப்பா'வைத் தனியே பிரித்தெடுக்கிறது. எட்டு மாதக் குழந்தைகளுக்கு இரண்டே நிமிடம் கேட்டால் போதும் என்று 1996இல் ஜென்னி சாஃப்ரன் குழுவினர் காட்டினார்கள்.

ஆனால் கேட்பது மட்டும் எப்போதும் போதாது. 2003இல் பாட்ரிசியா கூல் குழுவினர் 9 மாத அமெரிக்கக் குழந்தைகளுக்குச் சீன மொழியைக் கேட்க வைத்தார்கள். நேரில் ஒருவர் விளையாடிப் பேசியபோது அதன் ஒலிகள் பிடிபட்டன. அதையே திரையில் காட்டியபோது ஒன்றும் ஒட்டவில்லை. செல்போனைக் கையில் கொடுத்தால் பேச்சு சீக்கிரம் வரும் என்று சொல்கிறவர்களிடம் இதைத்தான் நான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

சரி, எழுத்து? விஜயதசமியன்று நெல்லைப் பரப்பி 'அ' எழுத வைக்கிறோம். அதற்கு முன்பே காது தயாராக வேண்டும். 'கொ' எழுத ஒற்றைக்கொம்பு, க, துணைக்கால். ஒலியிலோ க் முதலில் வரும், ஒ பின்னால்தான் வரும். கண்ணும் காதும் இங்கே முரண்படுகின்றன. கொக்கு, கொடி, கொலுசு மூன்றும் ஒரே மாதிரி தொடங்குகின்றன என்று விளையாட்டாகக் கேட்டுப் பழகிய பிள்ளைக்கு இந்த முடிச்சு சீக்கிரம் அவிழும்.

இன்னொரு முடிச்சு, வீட்டுத் தமிழுக்கும் புத்தகத் தமிழுக்கும் உள்ள தூரம். டெல்டாவில் பிள்ளை கேட்டு வளர்வது நாத்து, காத்து, வெத்தல. புத்தகத்தில் இருப்பது நாற்று, காற்று, வெற்றிலை. 'நாற்று' என்ற எழுத்தைப் பார்த்து "நாத்து" என்று படிக்கும் பிள்ளையை அதட்டுவது எனக்குப் பொறுக்காது. அவள் பொருளைச் சரியாகப் பிடித்துவிட்டாள். "ஆமா கண்ணு, நாத்துதான். எழுதும்போது நாற்று" என்று இரண்டையும் பக்கத்தில் வைத்துக் கொடுத்தால், 'ற்ற' வரும் இடத்தில் வீட்டில் 'த்த' வருகிறது என்று அவளே கண்டுகொள்வாள். அடுத்த பக்கத்தில் 'கீற்று' வந்ததும், கூரையில் வேயும் கீத்து அவள் கண்ணுக்குத் தெரியும்.