விளம்பர அக்கவுண்ட் முடங்கினா உள்ள என்ன நடக்குது, எப்படி மீட்கிறது

போன வருஷம் தீபாவளிக்கு சரியா 18 நாள் இருக்கும்போது சித்தப்பா பையன் காலையில 6 மணிக்கே கூப்பிட்டான். சென்னிமலை பெட்ஷீட், பவானி ஜமக்காளம் எல்லாம் வெப்சைட் வச்சு விக்கிறவன், வருஷத்துல பாதி வியாபாரம் அந்த ஒரு மாசத்துல தான். "அண்ணா, விளம்பர அக்கவுண்ட சஸ்பெண்ட் பண்ணிட்டாங்க, நம்ம பக்கம் ஒரு தப்பும் இல்லீங்ண்ணா"னு சொல்றப்பவே குரல் உடைஞ்சிருச்சு. மெயில்ல இருந்த காரணம் ஒரே வரி, சிஸ்டத்தை ஏய்க்கப் பாத்திருக்கீங்கன்னு. எந்த கம்பெனிங்கறது இங்க முக்கியம் இல்ல, பெரிய விளம்பர தளங்கள் எல்லாத்துலயும் உள்ள ஓடுற சங்கதி கிட்டத்தட்ட ஒண்ணு தான், அது புரிஞ்சா தான் வெளிய வர்ற வழியும் புரியும்.

முதல்ல அளவ பாருங்க. கூகுள் 2023-ல 1.27 கோடி விளம்பரதாரர் அக்கவுண்ட முடக்குனதா அவங்களே வெளியிட்ட அறிக்கையில இருக்கு, 2024-ல அது 3.92 கோடி. ஒரு நாளைக்கு ஒரு லட்சத்துக்கும் மேல. இத்தனையையும் மனுசங்க உக்காந்து படிச்சு முடிவெடுக்க வாய்ப்பே இல்ல, பழைய கேஸ்கள பாத்து தானா கத்துக்கிட்ட மென்பொருள், அதாவது மெஷின் லேர்னிங் மாடல் தான் ஒவ்வொரு அக்கவுண்டுக்கும் ஒரு ஸ்கோர் போடுது, ஸ்கோர் ஒரு கோட்ட தாண்டுச்சுன்னா கதவு சாத்திரும். அந்த மாடலுக்கு உங்கள தெரியாது, நீங்க 12 வருஷமா நேர்மையா தறி ஓட்டுறீங்கன்னு தெரியாது, அது பாக்குறது சிக்னல் மட்டும் தான்.

அப்ப நல்லவங்க எப்படி மாட்டுறாங்க? ஒரு கற்பனைக் கணக்கு போடுவோம். 1000 அக்கவுண்டுல 20 தான் திருட்டு அக்கவுண்ட்னு வச்சுக்குங்க. மாடல் ரொம்ப கெட்டி, 100 திருடன்ல 95 பேர பிடிச்சிரும், 100 நல்லவங்கள்ல 2 பேர மட்டும் தப்பா பிடிக்கும். கேக்க நல்லா இருக்குல்ல? இப்ப எண்ணி பாருங்க, 20 திருடன்ல 19 பேரு மாட்டுவான், மிச்சம் 980 நல்லவங்கள்ல கிட்டத்தட்ட 20 பேரும் மாட்டுவாங்க, ஆக முடங்கின 39 பேர்ல பாதிக்கு மேல தப்பே பண்ணாதவங்க! நல்லவங்க எண்ணிக்கை ரொம்ப ஜாஸ்திங்கறதால சின்ன பிழை கூட பெருசா வந்து நிக்குது. ரத்தப் பரிசோதனையில அபூர்வமான நோய்க்கு தப்பா பாசிட்டிவ் வர்றதும் இதே கணக்கு தான், பேயஸ் தேற்றம்னு புள்ளியியல்ல படிச்சிருப்பீங்க.

அடுத்து, சிக்னல் எங்க இருந்து வருது. விளம்பரத்துல எழுதின வார்த்தை மட்டும் இல்ல. பணம் கட்டின கார்டு, போன் நம்பர், லாகின் பண்ற கம்ப்யூட்டர், வெப்சைட் முகவரி, வேற யாருக்கு அட்மின் உரிமை குடுத்திருக்கீங்க, எல்லாமே ஒரு பெரிய வலையில முடிச்சு மாதிரி. ஏற்கனவே முடங்கின அக்கவுண்டோட உங்க முடிச்சு ஒண்ணு பொருந்துனா போதும். பனைமரத்தடியில பால் குடிச்சாலும் கள்ளுன்னு தான சொல்லுவாங்க, அதே தான். அதனால தான் சஸ்பெண்ட் ஆனதும் வேற மெயில் ஐடியில புது அக்கவுண்ட் திறக்கவே கூடாது. அதே கார்டு, அதே சைட், அதே லேப்டாப், வலை உடனே கோத்துரும், அதோட தடைய சுத்தி வர பாக்குறதே ஒரு தனி விதிமீறல், முன்னாடி சந்தேகமா இருந்தது இப்ப உறுதி ஆயிரும். "நான் மீட்டு தரேன், வாடகைக்கு ஏஜென்சி அக்கவுண்ட் தரேன்"னு டெலிக்ராம்ல வர்றவங்க கிட்டயும் போயிடாதீங்க, அந்த அக்கவுண்டோட முடிச்செல்லாம் எங்க எங்க போகுதோ யாருக்கு தெரியும்.

தம்பி விஷயத்துக்கு வரேன். அவன் லேப்டாப்ல சைட்ட திறந்தா பெட்ஷீட் அழகா தெரியுது. நான் போன்ல வைஃபைய அணைச்சுட்டு, மொபைல் டேட்டால, தேடல் முடிவுல இருந்து தொட்டு உள்ள போனேன், ஒரு செகண்ட் வெள்ளைத் திரை, அப்புறம் ரம்மி விளையாட்டு! பின்னாடி வந்து மறுபடி தொட்டா பெட்ஷீட். அவனுக்கு கை நடுங்குது.

நடந்தது இது தான். பிரவுசர் ஒரு பக்கத்த கேக்கும்போது தான் யாரு, எங்க இருந்து வர்றேன்னு சேர்த்து சொல்லும், யூசர் ஏஜென்ட், ரெஃபரர்னு ரெண்டு வரி. விளம்பரத்துல இருந்து வந்தா முகவரி வால்ல ஒரு நீளமான அடையாளமும் ஒட்டிக்கிட்டு வரும். சைட்டுக்குள்ள பூந்த வைரஸ் நிரல் இத படிச்சுட்டு, ஓனர் லாகின் பண்ணியிருந்தா நல்ல பக்கம், நேரா முகவரி அடிச்சு வந்தா நல்ல பக்கம், போன்ல தேடல்ல இருந்து முதல் தடவை வர்றவனுக்கு மட்டும் ரம்மின்னு பிரிச்சு அனுப்புது. இதுக்கு பேரு தான் கிளோக்கிங். ஆளுக்கு ஒரு முகம் காட்டுற சைட்டு, வேணும்னே பண்ணுனதா, ஹேக் ஆனதான்னு வெளிய இருந்து பாக்குற போட்டுக்கு, அதாவது சைட்ட தானா சோதிக்கற மென்பொருளுக்கு, வித்தியாசம் தெரியாது. சைட்டோட தோற்றத்துக்குன்னு காசு குடுத்து வாங்க வேண்டிய தீம் ஒண்ண எவனோ ஓசியில குடுத்தான்னு தம்பி போட்டிருக்கான், ஓட்டை அங்க தான்.

முதல் அப்பீல அவன் எனக்கு சொல்லாமயே அழுது எழுதி அனுப்பிட்டான், ரெண்டே நாள்ல நிராகரிப்பு. ஏன்னா சைட்டு மாறல, சிக்னல் மாறல, அதே கேள்விக்கு அதே பதில். அப்புறம் அந்த தீம தூக்கிட்டோம், சைட்ட வேகமாக்குற கேச் ப்ளகின் மாதிரி பேரு வச்ச ஒரு ஃபோல்டர்ல, படிச்சா புரியாத எழுத்துக் குவியலா மாத்துற பேஸ்64-ல சுருட்டி வச்ச ஒரே ஒரு நீள வரி இருந்துச்சு, அத அழிச்சோம், ரெண்டாவது அப்பீல். அதுவும் போச்சு. மறுபடி பாத்தா அழிச்ச ஃபோல்டர் திரும்ப வந்து உக்காந்திருக்கு! ஹோஸ்டிங்ல கிரான் வேலைன்னு நேரம் வச்சு ஓடுற கட்டளை இருக்கும்ல, அதுல மணிக்கொரு தடவை அந்த நிரல புதுசா எழுதுற மாதிரி ஹேக் பண்ணவன் வச்சிருந்தான், கூட நாங்க உருவாக்காத ஒரு அட்மின் யூசர் வேற. ஹேக் ஆன சைட்டுல கண்ணுக்கு தெரியுறத மட்டும் அழிச்சா பத்தாது, கிரான், அட்மின் பட்டியல், ஹோஸ்டிங் பாஸ்வேர்டு, டேட்டாபேஸ் பாஸ்வேர்டு எல்லாத்தையும் பாத்து மாத்தணும். சைட் ஓனர்களுக்கு கூகுள் குடுக்கற சர்ச் கன்சோல்ங்கற கருவியில ஒரு பக்கத்த நேரலையா சோதிக்கற வசதி இருக்கு, போட் கண்ணுக்கு என்ன தெரியுதுன்னு அங்க பாக்கலாம், ஆனா அத மட்டும் நம்பாம வேற வேற போன்லயும் பாருங்க.

மூணாவது அப்பீல்ல கண்ணீர் இல்ல, ஆதாரம். என்ன கோளாறு, எந்த தேதியில கண்டுபிடிச்சோம், எந்த ஃபைல், என்ன பண்ணோம், முன்ன பின்ன ஸ்கிரீன்ஷாட், அவ்வளவு தான். ஜிஎஸ்டி சான்றிதழ்ல இருக்கற பேரு, அக்கவுண்ட் பேரு, கார்டு பேரு மூணும் ஒண்ணா இருக்கான்னும் சரி பாத்தோம், மச்சான் கார்டுல பணம் கட்டி மாட்டுறவங்க நம்ம ஊருல நிறைய பேரு, அது தனி சிக்னல். இன்னொண்ணு, எல்லா தப்புக்கும் நேரா முடக்கம் வராது. கூகுள்ல சில விதிகளுக்கு முதல்ல எச்சரிக்கை, அப்புறம் 3 நாள், 7 நாள் நிறுத்தம், அதுக்கு அப்புறம் தான் சஸ்பெண்ட். சிஸ்டத்தை ஏய்க்கறது, போலி சரக்கு மாதிரி பெரிய குற்றத்துக்கு எச்சரிக்கையே கிடையாது.

அக்கவுண்ட் திரும்ப வந்தப்ப தீபாவளி முடிஞ்சு ஒரு வாரம் ஆயிருச்சு. எடுத்தவுடனே பழைய பட்ஜெட்ட போட வேணாம்னு சொல்லி ஒரு நாளைக்கு 300 ரூபாயில ஆரம்பிச்சோம், முதல் நாள் ஒரே ஒரு ஆர்டர், ரெண்டு டபுள் பெட்ஷீட், திருநெல்வேலிக்கு. இப்பவும் ஒவ்வொரு திங்கக்கிழமையும் சித்தியோட போன வாங்கி மொபைல் டேட்டால தன் கடை பேர தேடி, தொட்டு, உள்ள போய் பாத்துட்டு தான் வேலைய ஆரம்பிக்கிறான்.