மதுரையைச் சுற்றிக்காட்டும் முன் கேட்க வேண்டியவை

மதுரையில் பார்க்க என்னென்ன இருக்கிறது என்று கேட்டால் பதில் சொல்லத் தெரியாத ஆளே இந்த ஊரில் இல்லை. ஆட்டோக்காரர் சொல்வார், லாட்ஜ் வரவேற்பில் உட்கார்ந்திருக்கும் தம்பி சொல்வார், டீக்கடையில் பக்கத்தில் நிற்பவர் கேட்காமலே சொல்வார். மீனாட்சி கோயில், மஹால், தெப்பக்குளம், காந்தி மியூசியம், அழகர்கோயில், திருப்பரங்குன்றம். வரிசை மாறாது. சுற்றுலா வழிகாட்டியாக இருக்கும் எனக்கு இந்த வரிசைமேல் கோபம் ஒன்றுமில்லை, எல்லாமே பார்க்க வேண்டிய இடங்கள்தான். ஆனால் எழுபது வயது அம்மாவுக்கும், கைக்குழந்தையோடு வரும் தம்பதிக்கும், ராமேஸ்வரம் போய்விட்டு வரும் குஜராத்திக் குடும்பத்துக்கும், தோளில் கேமராவோடு வரும் வெளிநாட்டுக்காரருக்கும் இதே வரிசையைச் சொல்லி அனுப்புவதில்தான் தகராறு. பாதிப் பேர் இந்த ஊரைக் களைப்போடுதான் நினைவில் வைத்திருக்கிறார்கள்.

அதனால் விருந்தாளியிடம் இடத்தின் பேரைச் சொல்வதற்கு முன்னால் மூன்று கேள்வி கேட்டுவிடுங்கள். எத்தனை மணிக்கு வந்து சேர்கிறார்கள், எத்தனை மணிக்குக் கிளம்புகிறார்கள், கூட வருபவர்களில் யாரால் அதிக நேரம் நிற்க முடியாது. பக்தியா, சரித்திரமா, சாப்பாடா என்பதெல்லாம் அப்புறம்.

நேரத்தை முதலில் கேட்பதற்குக் காரணம் உண்டு. மீனாட்சி அம்மன் கோயில் பகல் 12.30 மணிக்கு நடை சாத்தினால் மாலை 4 மணிக்குத்தான் திறக்கும். ராமேஸ்வரத்தில் விடியற்காலையில் 22 தீர்த்தங்களிலும் நீராடிவிட்டு, 170 கிலோமீட்டர் வண்டியில் வந்து, மதியம் ஒரு மணிக்குக் கோயிலைச் சுற்றியுள்ள சித்திரை வீதியில் ஈரம் காயாத துணி மூட்டையோடு நிற்கும் குடும்பங்களை வாரம் தவறாமல் பார்க்கிறேன். சாயங்காலம் கன்னியாகுமரிக்குக் கிளம்ப வேண்டும் என்பார்கள். அது இன்னொரு 240 கிலோமீட்டருக்கு மேல். இவர்களுக்கு மதுரையில் எந்த இடம் நல்லது என்பது கேள்வியே இல்லை. முதல்நாள் இரவே மதுரைக்கு வந்து தங்கிவிடுங்கள், காலையில் தரிசனம் முடித்துக்கொண்டு கிளம்புங்கள் என்று யாராவது முன்கூட்டியே சொல்லியிருந்தால் போதும். பயணத் திட்டம் போட்டுக் கொடுப்பவர்கள் இதைச் சொல்வதில்லை. ஒரு ராத்திரி தங்கினால் பேக்கேஜ் விலை ஏறிவிடும், அதுதான் விஷயம்.

அந்த மூன்றரை மணி நேரத்தை என்ன செய்வது? கோடையில் மதுரை மத்தியான வெயிலில் மலை ஏறச் சொல்வது பாவம். கூரைக்கடியில் இருக்கும் இடங்களைத்தான் சொல்ல வேண்டும். திருமலை நாயக்கர் 1636-இல் கட்டிய மஹால் அதற்கு ஏற்றது. இன்று நாம் பார்ப்பது பழைய அரண்மனையின் ஒரு பகுதிதான், அதற்கே அண்ணாந்து பார்க்க வேண்டியிருக்கும். குழந்தைகளுக்கு ஓடியாட முற்றமும் உண்டு. காந்தி நினைவு அருங்காட்சியகம் ராணி மங்கம்மாளின் தமுக்கம் அரண்மனையில் 1959 முதல் இருக்கிறது. காந்தி சுடப்பட்டபோது உடுத்தியிருந்த, ரத்தக்கறை படிந்த துணி ஒன்று அங்கே உள்ளது. வட இந்தியப் பயணிகளுக்கு இதைச் சொன்னால் தங்கள் திட்டத்திலேயே இல்லாத இடத்துக்கு உடனே வண்டியைத் திருப்புவார்கள். 1921 செப்டம்பரில் அவர் சட்டையைத் துறந்து அரையாடைக்கு மாறியதும் இந்த ஊரில்தான், மேலமாசி வீதியில் ஒரு வீட்டில். பிள்ளைகளோடு வருபவர்களுக்கு 2023-இல் நத்தம் சாலையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்தைச் சொல்வேன். சுற்றுலாவுக்கு வந்த இடத்தில் நூலகமா என்று முகம் சுளிப்பார்கள். சிறுவர் பகுதியில் பிள்ளைகளை விட்டுவிட்டு குளிர்ந்த அறையில் கால் நீட்டி உட்கார்ந்த பிறகு அவர்களே மணி பார்க்க மறந்துவிடுவார்கள். ஒன்று மட்டும், ஒவ்வொரு இடத்துக்கும் வார விடுமுறை வேறு வேறு நாள். அனுப்புவதற்கு முன் விசாரித்துக்கொள்ளுங்கள்.

முதியவர்கள் விஷயத்துக்கு வருகிறேன். சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் பிள்ளைகள் போன் செய்வார்கள். "அம்மாவுக்கு முட்டி வலி சார், ஆனா எல்லாத்தையும் பாக்கணும்னு ஆசைப்படுறாங்க" என்பார்கள். "அப்படின்னா காலையில கோயில் மட்டும் வைங்க சார், வேற எதுவும் வேணாம்" என்பேன். மீனாட்சி கோயிலுக்குள் எவ்வளவு நடக்க வேண்டும் என்பது வெளியூர்க்காரர்களுக்குத் தெரிவதில்லை. சித்திரை வீதிகளில் வண்டி போகாது. செக்போஸ்ட்டில் இருந்தே நடை தொடங்கிவிடும். அம்மன் சன்னதி, சுவாமி சன்னதி, பொற்றாமரைக்குளம், 985 தூண்கள் கொண்ட ஆயிரங்கால் மண்டபம் என்று சுற்றி முடிக்கும்போது நல்ல காலுக்கே வலி எடுக்கும். ஆகவே விடியற்காலை, கூட்டம் ஏறுவதற்கு முன்னால். பத்து மணிக்குமேல் பிராகாரத்தின் திறந்த கல்தரை சுட ஆரம்பித்துவிடும்.

இன்னும் கொஞ்சம் தெம்பிருந்தால் பெரியார் பேருந்து நிலையம் அருகே கூடல் அழகர் கோயில். மதுரைக்கு வரும் வெளியூர்க்காரர்கள் பெரும்பாலும் தவறவிடும் திவ்ய தேசம், அதாவது ஆழ்வார்கள் பாடிய பெருமாள் தலம், இது. பெரியாழ்வார் பல்லாண்டு பாடிய தலம் என்பார்கள். அஷ்டாங்க விமானத்தில் பெருமாள் இருந்த, நின்ற, கிடந்த என மூன்று கோலங்களிலும் இருக்கிறார். மேல்தளத்துக்குப் படி ஏற முடியாதவர்கள் கீழே நிதானமாகச் சேவித்துவிட்டு மண்டபத்தில் உட்காரலாம். உட்கார இடம் கிடைப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பது முதியவர்களோடு பயணம் போனவர்களுக்குத்தான் தெரியும்.

ஒரே குழுவாக வருகிறவர்களுக்குச் சொல்ல வேண்டிய இன்னொன்று இருக்கிறது, எந்தப் பட்டியலிலும் அது வராது. 2018 பிப்ரவரியில் வீரவசந்தராயர் மண்டபத்தில் தீ விபத்து நடந்ததற்குப் பிறகு கோயிலுக்குள் செல்போன் கொண்டுபோகத் தடை. வாசலில் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். உள்ளே ஆளுக்கொரு பக்கம் பிரிந்துவிட்டால் கூப்பிட வழியில்லை. நான்கு பக்கமும் கோபுரம், புதிதாக வருபவர்களுக்கு எல்லா வாசலும் ஒன்றுபோலவே தெரியும். கிழக்கே செருப்பையும் போனையும் விட்டுவிட்டு மேற்கு வாசலில் வெளியே வந்து நிற்பவர்களின் கதி சொல்லி மாளாது. சித்திரை மாத வெயிலில் வெறுங்காலோடு பாதிக் கோயிலைச் சுற்றிவர வேண்டும். எந்த வாசலில் நுழைந்தோம், பிரிந்தால் எங்கே சந்திப்பது என்று உள்ளே போவதற்கு முன்பே பேசி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். பொற்றாமரைக்குளத்துப் படிகள் எல்லாருக்கும் அடையாளம் தெரியும் இடம்.

வெளிநாட்டுப் பயணிகளிடம் நாம் செய்கிற பெரிய தப்பு, சங்கடமான விஷயத்தைச் சொல்லாமல் விடுவது. இந்து அல்லாதவர்கள் கொடிமரத்தைத் தாண்டிக் கருவறைப் பக்கம் போக முடியாது. அரைக்கால் சட்டைக்கும் அனுமதி இல்லை. இதை ஓட்டலிலேயே சொல்லிவிட்டால் அவர்கள் பெருந்தன்மையாக ஏற்றுக்கொள்கிறார்கள். உள்ளே போய் நூறு பேர் முன்னிலையில் தடுத்து நிறுத்தப்படும்போதுதான் மனம் நோகிறது. பிராகாரங்கள், குளம், ஆயிரங்கால் மண்டபம் இவற்றைப் பார்க்கவே இரண்டு மணி நேரம் வேண்டும். அவர்களுக்கு நான் விரும்பிச் சொல்வது இரவு நேரம். பள்ளியறை பூஜைக்குச் சொக்கநாதரின் பாதம் பல்லக்கில் அம்மன் சன்னதிக்குப் போகும்போது வழியில் நின்று பார்க்கலாம். மேளமும் சாம்பிராணிப் புகையுமாக அந்தச் சிறிய ஊர்வலம் கடந்துபோகும். கையில் கேமரா இல்லாததால் கண்ணால் பார்க்கிறார்கள். அதுவும் நல்லதுதான்.

படம் எடுத்தே ஆக வேண்டும் என்பவர்களை அதிகாலையில் மாட்டுத்தாவணி மலர்ச் சந்தைக்கு அனுப்பலாம். மதுரை மல்லி 2013-இல் புவிசார் குறியீடு வாங்கியது. அது மூட்டை மூட்டையாக இறங்குவதையும், மூக்கை வைத்தே விலை பேசுவதையும் அங்கே பார்க்கலாம்.

இங்கே ஒரு எச்சரிக்கை. "மாடிக்கு வாங்க, நாலு கோபுரமும் தெரியும், காசு வேண்டாம்" என்று கோயிலைச் சுற்றிக் கூப்பிடுவார்கள். மாடியில் கோபுரம் தெரிவது உண்மைதான். இறங்கி வரும் வழி முழுக்கக் காஷ்மீர் கம்பளமும் சிலைகளும் இருக்கும், வாங்காமல் வெளியே வருவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். கூட்டிப்போனவருக்கு விலையில் பங்கு உண்டு. என் தொழிலில் இருப்பவர்களிலும் இப்படிச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள், மறைத்துப் பயனில்லை. ஒரு வழிகாட்டி எந்தக் கடைக்கும் உங்களை வற்புறுத்தி அழைத்துப் போனால், வேண்டாம் என்று முகத்துக்கு நேராகச் சொல்லலாம். சுற்றுலாத் துறை அடையாள அட்டையைக் காட்டச் சொல்லிக் கேட்பதும் தவறில்லை. சுங்குடிச் சேலை வாங்க வேண்டுமென்றால் பல கடைகளில் விலை விசாரித்துவிட்டு வாங்குங்கள். பழைய பயணப் புத்தகங்களைப் பார்த்துவிட்டுப் புதுமண்டபத்துத் தையல்காரர்களைத் தேடி வருபவர்களிடம், அந்தக் கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிவிட்டதைச் சொல்லிவிடுங்கள்.

சரித்திர ஆர்வத்தோடு வருபவர்கள் தனி ரகம். இவர்களைத் தெப்பக்குளத்தில் இறக்கிவிட்டால் ஐந்து நிமிடத்தில் அடுத்து என்ன என்பார்கள். இவர்களுக்குக் கீழடி. நகரிலிருந்து பன்னிரண்டு கிலோமீட்டர் அளவில், சிவகங்கை மாவட்டத்துக்குள் இருக்கிறது. 2023 மார்ச்சில் திறந்த அருங்காட்சியகத்தைச் செட்டிநாட்டு வீட்டுப் பாணியில் கட்டியிருக்கிறார்கள். தமிழி எனும் பழந்தமிழ் எழுத்து கீறிய பானை ஓடுகளின் முன்னால் அரை நாள் நிற்பவர்கள் உண்டு. அதே இடத்துக்குக் கோயில் பயணமாக வந்த குடும்பத்தை அனுப்பினால் "பானைதானே இருக்கு" என்று திரும்பி வந்துவிடுவார்கள். இரண்டு பேர் மேலும் தப்பில்லை, அனுப்பியவர்தான் யோசித்திருக்க வேண்டும்.

காலில் தெம்புள்ள இளைஞர்களுக்குக் கீழக்குயில்குடி சமணர் மலை. அடிவாரத்தில் ஆலமரமும் தாமரைக்குளமும் அய்யனார் கோயிலும். மேலே செட்டிப்புடவிலும் பேச்சிப்பள்ளத்திலும் பாறையில் செதுக்கிய தீர்த்தங்கரர்கள், வட்டெழுத்துக் கல்வெட்டுகள். காலை ஒன்பது மணிக்குள் இறங்கிவிட வேண்டும், தண்ணீர் கையோடு கொண்டுபோக வேண்டும். அழகர்மலையில் பழமுதிர்சோலைக்கும் நூபுர கங்கைக்கும் போகிறவர்கள் குரங்குகளிடம் பையைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டும். கீழே கருப்பணசாமியைக் கும்பிட்டு, பெருமாள் கோயிலில் தோசைப் பிரசாதம் வாங்காமல் வராதீர்கள்.

திருவிழாவைப் பற்றி மட்டும் கொஞ்சம் கறாராகவே பேசுவேன். சித்ரா பௌர்ணமிக்கு அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்க வரலாமா என்று கைக்குழந்தைக்காரர்கள் கேட்டால், வேண்டாம் என்றுதான் சொல்கிறேன். 2022-இல், கொரோனாவால் இரண்டு வருடம் விட்டுப்போன விழா மறுபடி நடந்தபோது, வைகையில் நெரிசலில் இருவர் உயிரிழந்தார்கள். முதியவர்களுக்கும் இதே பதில்தான். அழகரைப் பார்த்தே ஆக வேண்டுமென்றால் ஆற்றில் இறங்கும் நேரத்தை விட்டுவிட்டு, அவர் மண்டகப்படிகளில், அதாவது வழியில் பூஜைக்காகத் தங்கும் மண்டபங்களில், நின்று நின்று போகும் வழியில் உறவினர் வீட்டு வாசலில் காத்திருக்கலாம். அங்கே சாமி நம்மைத் தேடி வருவார்.

சாப்பாட்டுக்கு இந்த ஊரில் ஆலோசனையே தேவையில்லை. சர்க்கரை இருப்பவர்களிடம் ஜிகர்தண்டாவைப் புகழாதீர்கள், கறிதோசைக்கு அழைப்பதற்கு முன் சைவமா என்று கேளுங்கள், அவ்வளவுதான்.

கிளம்பும் நேரம் என்று மூன்று கேள்விகளில் ஒன்றாகச் சொன்னேன். சென்னைக்கு இரவு ஒன்பது மணியை ஒட்டிப் போகும் ரயிலில் டிக்கெட் போட்டிருப்பவருக்குப் பள்ளியறை பூஜையைச் சொல்லாதீர்கள். ஓடிப்போய் இரண்டையும் பிடித்துவிடலாம் என்று தோன்றும். ரயில் நிலையம் ஒரு கிலோமீட்டர்தான். ஆனால் போனையும் செருப்பையும் திரும்ப வாங்கும் வரிசையிலேயே ரயில் போய்விடும். அவர்களுக்கு மாலை நான்கு மணிக்கு நடை திறந்தவுடன் தரிசனம், ஆறு மணிக்கு விளக்குத்தூண் பக்கம் ஒரு சுற்று, எட்டு மணிக்கு நிலையம்.